போனில் வரும் கொடுமை: பெற்றோருக்கு ஒரு பாடம்



வயிற்றோட்டம் வந்தால் என்ன செய்வது, குடிதண்ணீரை எப்படிப் பாதுகாப்பது, சம்பளப் பணத்தை எப்படிச் சேமிப்பது என்பதெல்லாம் நம்மில் பலர் படித்துத் தெரிந்துகொண்ட விஷயங்கள். இந்தப் பாடம் கொஞ்சம் வேறு மாதிரியானது. கையில் ரத்தம் வந்தால் தாய்க்கு உடனே தெரியும். காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டாலே தெரியும். ஆனால் போன் வழியாகப் பிள்ளையின் மனதில் விழுகிற அடி யார் கண்ணுக்கும் தெரியாது. பக்கத்தில் படுத்திருக்கிற அம்மாவுக்கே தெரியாமல் புள்ள போர்வைக்குள் அழுதுகொண்டு கிடக்கும். அந்த அடியை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்தால் என்ன செய்வது என்பதே இந்தப் பாடம்.

வாசிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். மாதர் சங்கக் கூட்டத்திலோ, பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் தாய்மார் கூடும்போதோ கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துப் பேசலாம்.

1. போன் நம் வீட்டுக்கு வந்த விதம்

2020 மார்ச் மாதம் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடமெல்லாம் வட்ஸ்அப்பில் வரத் தொடங்கியது. அதுவரை "புள்ளைக்கு எதுக்கு போன்?" என்று கேட்ட வீடுகளில்கூட, கைமாற்று வாங்கியோ, நகையை அடகு வைத்தோ ஒரு போன் வாங்க வேண்டி வந்தது. சிக்னல் கிடைக்காத இடங்களில் பிள்ளைகள் மலை ஏறி, பாறையில் உட்கார்ந்து பாடம் படித்தார்கள். கொரோனா போய்விட்டது. பாடசாலை திறந்துவிட்டது. போன் மட்டும் பிள்ளைகளின் கையிலேயே நின்றுவிட்டது.

போன் கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. குவைத்தில் வீட்டு வேலை செய்கிற தாய் இமோவில் தன் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறாள். கொழும்புக் கடையில் வேலை செய்கிற அண்ணன் ராத்திரி தங்கச்சியோடு பேசுகிறான். அது பெரிய ஆறுதல்.

இது மலையகத்துக்கு மட்டும் உரிய கதையும் இல்லை. முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கரையில், களப்பும் கடலும் சேருகிற இடத்தில் உள்ள கொக்கிளாயை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள தமிழ் மக்கள் 1984இல் ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. 2009இல் யுத்தம் முடிந்த பிறகுதான் திரும்பி வர முடிந்தது. இடைப்பட்ட காலத்தில் ஒரே குடும்பத்தின் ஆட்கள் பல ஊர்களுக்கும் பல நாடுகளுக்கும் சிதறிப் போனார்கள். நம் மலையகக் குடும்பங்கள் பலவும் 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறின. இப்படிச் சிதறிய சொந்தங்களைக் கட்டி வைத்திருக்கிற கயிறு இன்றைக்கு இந்த போன்தான். ஆனால் அதே கயிற்றில்தான் ஒரு பிள்ளையைப் பற்றிய அவதூறும் ஓடுகிறது. காலையில் கொக்கிளாயில் ஒரு பிள்ளையைப் பற்றிக் கிளப்பிய பேச்சு, மத்தியானம் வவுனியாவில் மாமா வீட்டுக்கும், பொழுது சாய முன்னம் கனடாவில் சித்தி வீட்டுக்கும் போய்விடும்.

அப்பா கடலுக்குப் போயிருக்கிறார். அம்மா மலையில் கொழுந்து எடுக்கிறாள். வீட்டில் பிள்ளையும் போனும் மட்டும். களப்புக் கரையிலும் லயத்திலும் நிலைமை ஒன்றுதான்.

2. எது விளையாட்டு, எது கொடுமை?

பிள்ளைகள் ஒருவரையொருவர் கேலி செய்வது புதிதல்ல. பட்டப்பேர் இல்லாத ஆள் எந்த லயத்தில் இருக்கிறார்? ஆகவே எல்லாக் கேலியையும் கொடுமை என்று சொல்லிவிட முடியாது. பிரித்துப் பார்க்க ஒரு வழி வேண்டும்.

டான் ஒல்வெயஸ் என்ற ஆராய்ச்சியாளர் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இடையில் நடக்கிற கொடுமையைப் பற்றி நோர்வேயிலும் சுவீடனிலும் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1982 கடைசியில் நோர்வேயில் மூன்று சிறுவர்கள் மற்றப் பிள்ளைகளின் கொடுமை தாங்காமல் உயிரை விட்டதாகத் தெரிய வந்தபோது அந்த நாடே அதிர்ந்தது. 1983இல் நோர்வே அரசு நாடு முழுவதும் பாடசாலைகளில் இதற்கெதிரான வேலைத்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஒல்வெயஸ் சொன்ன மூன்று அடையாளங்கள் இன்றும் பயன்படுகின்றன:

● வேண்டுமென்றே நோகடிப்பது.
● ஒரு தரத்தோடு நிற்காமல் திரும்பத் திரும்பச் செய்வது.
● பலம் சமமாக இல்லாமல் இருப்பது. பலர் சேர்ந்து ஒருவரை, பெரியவன் சின்னவனை, வசதியுள்ளவன் இல்லாதவனை.

இரண்டு பிள்ளைகள் ஒருவரையொருவர் கிண்டல் பண்ணி, இரண்டு பேரும் சிரித்தால் அது விளையாட்டு. ஒரு பிள்ளை மட்டும் அழ, மற்றவர்கள் சிரித்தால் அது கொடுமை. இதை எந்தத் தாயும் பார்த்துச் சொல்லிவிடலாம்.

இந்தக் கொடுமை போன் வழியாக வரும்போது இன்னும் நான்கு விஷயங்கள் சேருகின்றன. பாடசாலையில் நடக்கிற தொல்லை வீட்டுக்கு வந்தால் ஓயும். போனில் வருவது இரவு பதினொரு மணிக்கும் வரும். வகுப்பில் பத்துப் பேர் பார்ப்பதை போனில் ஆயிரம் பேர் பார்க்கலாம். வாயால் சொன்ன பேச்சு மறந்து போகும். படம் அழியாமல் கிடக்கும். முகத்துக்கு நேரே சொல்லக் கூசுகிறவன்கூட, பொய்ப் பெயரில் ஒளிந்துகொண்டு எதையும் எழுதுவான்.

இது எங்கோ ஓரிடத்தில் நடக்கிற காரியமும் அல்ல. யுனிசெப் நிறுவனம் 2019 செப்டெம்பரில் வெளியிட்ட கருத்துக் கணிப்பில், 30 நாடுகளைச் சேர்ந்த 170,000க்கும் அதிகமான இளையோர் பதில் சொன்னார்கள். மூன்றில் ஒருவர் தான் இணையவழிக் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார். ஐந்தில் ஒருவர் இதன் காரணமாகப் பாடசாலைக்குப் போகாமல் நின்றிருக்கிறார்.

3. எப்படியெல்லாம் வரும்?

● வகுப்பு குரூப்பில் ஒரு பிள்ளையைக் குறிவைத்துக் கேலி செய்வது. அல்லது எல்லாரையும் சேர்த்து, அந்தப் பிள்ளையை மட்டும் விட்டு வேறொரு குரூப் தொடங்குவது.
● பிள்ளையின் முகத்தை வெட்டி 'ஸ்டிக்கர்' செய்து அனுப்புவது. குளிக்கிற இடத்தில், தூங்கும்போது, சாப்பிடும்போது தெரியாமல் எடுத்த படத்தைப் பரப்புவது.
● பிள்ளையின் பெயரிலும் படத்திலும் பொய்யான பேஸ்புக் அல்லது டிக்டொக் கணக்குத் திறந்து, அசிங்கமாக எழுதுவது.
● நம்பி அனுப்பிய குரல் பதிவையோ படத்தையோ மற்றவர்களுக்குப் போட்டுக் காட்டுவது.
● "சொன்னதைச் செய், இல்லாட்டி படத்தைப் போட்டுடுவேன்" என்று மிரட்டுவது.
● ஒருவர் முகத்தை வேறு உடலோடு ஒட்டிப் படம் செய்வது. முன்பு இதற்குக் கணினி வேலை தெரிந்த ஆள் வேண்டும். இப்போது செயற்கை நுண்ணறிவு என்ற தொழில்நுட்பத்தால் போனிலேயே சில நிமிடங்களில் செய்துவிடுகிறார்கள். ஆகவே "படம் இருக்கே, அப்ப உண்மைதானே" என்று இனி யாரும் சொல்ல முடியாது.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு வலியும் உண்டு. "தோட்டக்காட்டான்" என்ற சொல்லை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். டவுன் பாடசாலைக்குப் போகிற லயத்துப் பிள்ளையும், வன்னியில் குடியேறிய மலையகக் குடும்பத்துப் பிள்ளையும் அதைக் கேட்டிருப்பார்கள். முன்பு அது வாயோடு போனது. இப்போது லயத்து வீட்டின் படத்தையும், கொழுந்துக் கூடையோடு நிற்கிற தாயின் படத்தையும் போட்டுச் சிரிக்கிறார்கள். வெளிநாட்டில் வேலை செய்கிற தாயைப் பற்றித் தரக்குறைவாக எழுதுகிறார்கள். நிறம், சாதி, பேச்சு, பழைய சப்பாத்து எல்லாம் கேலிப் பொருளாகின்றன. இப்படி அடிபட்ட பிள்ளை தன்னைப் பற்றி மட்டும் வெட்கப்படுவதில்லை. தன்னைப் பெற்றவர்களைப் பற்றியும் வெட்கப்படத் தொடங்குகிறது. அதனால்தான் அம்மாவிடம் சொல்வதற்கு அதற்கு வாய் வருவதில்லை.

4. நடந்த இரண்டு சம்பவங்கள்

தமிழ்நாட்டில் சேலம் மாவட்டத்தில் 2016 ஜூன் மாதம் நடந்தது இது. பட்டப்படிப்பு முடித்த 21 வயதுப் பெண் ஒருவரின் முகத்தை வேறொரு ஆபாசப் படத்தோடு ஒட்டி, யாரோ பேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். குடும்பத்தார் பொலிஸில் முறையிட்டார்கள். நடவடிக்கை தாமதமானது. அதற்குள் இன்னொரு படமும் வந்தது. அந்தப் பெண் தன் உயிரை விட்டார். தான் யாருக்கும் படம் அனுப்பவில்லை என்றும், பெற்றவர்களே தன்னை நம்பவில்லையே என்றும் அவர் எழுதி வைத்திருந்தார். அதன் பின்னரே ஓர் இளைஞர் கைது செய்யப்பட்டார். தாமதத்துக்காக மாவட்டப் பொலிஸ் அதிகாரி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஆனால் போன உயிர் வரவில்லை.

அந்தப் பெற்றோரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மகளின் படத்தைத் திடீரென்று அப்படிப் பார்க்கிற எந்தத் தாய் தகப்பனும் நிலைகுலைந்து போவார்கள். ஆனால் இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. படம் போட்டவனுடைய கொடுமையைத் தாங்க நினைக்கிற பிள்ளைக்கும், வீட்டில் நம்பிக்கை இல்லை என்றால் நிற்பதற்கு இடமே இல்லாமல் போகிறது.

இரண்டாவது, கனடாவில் நடந்தது. அமண்டா டோட் என்ற சிறுமியை முகம் தெரியாத ஓர் ஆள் இணையத்தில் ஏமாற்றிப் படம் எடுத்து, பிறகு அதை வைத்து மிரட்டினான். படத்தைக் கூடப் படிக்கிறவர்களுக்கும் அனுப்பினான். பெற்றோர் பாடசாலையை மாற்றினார்கள். படம் அந்தப் பாடசாலைக்கும் வந்தது. புதிய இடத்துப் பிள்ளைகளும் அவளைக் கேலி செய்து ஒதுக்கினார்கள். 2012 செப்டெம்பரில் அவள் தன் கதையைச் சிறு சிறு அட்டைகளில் எழுதி, ஒரு வீடியோவில் காட்டினாள். அடுத்த மாதம் இறந்து போனாள். மிரட்டியவன் நெதர்லாந்தில் இருந்தவன். பத்து ஆண்டுகள் கழித்து, 2022இல், கனடா நீதிமன்றம் அவனைக் குற்றவாளி என்று தீர்த்துத் தண்டித்தது.

பாடசாலையை மாற்றினால், பிள்ளையை அத்தை வீட்டுக்கு அனுப்பினால் சரியாகிவிடும் என்று நாம் நினைக்கிறோம். போனில் வருகிற கொடுமைக்கு ஊர் எல்லை கிடையாது. படத்தை நிறுத்த வேண்டும், பிள்ளையைத் தாங்க வேண்டும். இரண்டும் செய்தால்தான் சரியாகும்.

5. பிள்ளையிடம் பார்க்க வேண்டிய அடையாளங்கள்

● போனில் மணி அடித்தாலே முகம் மாறுவது. பார்த்துவிட்டுச் சட்டென்று மறைப்பது.
● எந்த நேரமும் போனோடு இருந்த புள்ள திடீரென்று அதைத் தொடாமல் விடுவது. அல்லது கணக்கை அழித்துவிடுவது.
● காலையில் வயிற்றுவலி, தலைவலி என்று சொல்லிப் பாடசாலைக்குப் போகாமல் நிற்பது. லீவு நாளில் அந்த வலி வராமல் இருப்பது.
● சாப்பாடு குறைவது, தூக்கம் கெடுவது, காரணமில்லாமல் தம்பி தங்கச்சிமேல் எரிந்து விழுவது.
● கூட்டாளிமாரோடு சேராமல் ஒதுங்குவது. கடைக்கோ கோயிலுக்கோ போகச் சொன்னால் மறுப்பது.
● படிப்பில் திடீரென்று பின்தங்குவது.
● காசு களவு போவது. மிரட்டுகிறவனுக்குப் பிள்ளை ரீலோட் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கலாம்.
● "நான் இல்லாட்டி நல்லம்", "செத்துட்டா பிரச்சின இல்ல" என்ற மாதிரிப் பேச்சு. இதை ஒருநாளும் விளையாட்டாக எடுக்காதீர்கள்.

லயத்து வீட்டில் பிள்ளைக்குத் தனி அறை கிடையாது. ஆகவே அது போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னாலோ, மலைப் பக்கமோ போய் நிற்கும். அடிக்கடி அப்படிப் போனால் கவனியுங்கள்.

இவற்றில் ஒன்றைக் கண்டவுடன் இதுதான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பரீட்சைப் பயமாகவும் இருக்கலாம். உடம்புக்கு முடியாமலும் இருக்கலாம். இரண்டு மூன்று அடையாளங்கள் சேர்ந்து, இரண்டு கிழமை நீடித்தால் உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

6. முதல் பேச்சு

பிள்ளைகள் ஏன் பெற்றோரிடம் சொல்வதில்லை? அடி விழும் என்ற பயம். போனைப் பறித்துவிடுவார்கள் என்ற பயம். "படிக்கப் போனது போதும்" என்று நிற்பாட்டிவிடுவார்கள் என்ற பயம். பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசிவிடுவார்கள் என்ற பயமும் உண்டு. ஆகவே நம் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை முக்கியம்.

இப்படிக் கேட்டால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்:
"நீ என்னா பண்ணுன? ஒன்னும் பண்ணாமயா அவன் அப்புடி எழுதுவான்?"
"இதுக்குத்தான் அப்பவே சொன்னேன் போன் வேணாம்னு."
"ஊர்ல தல காட்ட முடியாம பண்ணிட்டியே."

இப்படிக் கேட்டால் பேசும்:
"புள்ள, ரெண்டு மூணு நாளா நீ சரியா சாப்புடல. அம்மா ஏச மாட்டேன். என்னான்னு சொல்லு."
"நீ தப்பு பண்ணியிருந்தாலும் நீ எங்க புள்ளதான். மொதல்ல இத நிப்பாட்டுவோம்."
வன்னிப் பக்கத்து அம்மாவானால், "பயப்பிடாத பிள்ளை, அம்மா இருக்கிறன். ஆரெண்டு சொல்லு" என்பார். சொல்லு எதுவானாலும், தொனி அப்படித்தான் இருக்க வேண்டும்.

நேருக்கு நேர் உட்கார வைத்து விசாரிப்பதைவிட, விறகு பொறுக்கப் போகும்போதோ, ரொட்டி சுடும்போதோ, பக்கத்தில் நடந்துகொண்டே பேசினால் பிள்ளைக்கு எளிது. அப்பாவிடம் சொல்லப் பயந்தால் பாட்டியிடமோ, மாமாவிடமோ, அக்காவிடமோ சொல்லட்டும். யாரோ ஒரு பெரியவரிடம் சொன்னால் போதும். பிள்ளை சொல்லி முடிக்கும் வரை இடையில் பேசாதீர்கள். முடிந்ததும், "நீ சொன்னது நல்லது" என்று சொல்லுங்கள்.

7. செய்ய வேண்டிய ஏழு காரியங்கள்

(1) பதில் எழுதாதீர்கள். கோபத்தில் எழுதுகிற ஒரு வார்த்தையும் எதிராளிக்குத் தீனி. அண்ணன்மார் கிளம்பிப்போய் அடித்துவிட்டு வந்தால், நியாயம் நம் பக்கம் இருந்தும் வழக்கு நம்மேல் வரும்.

(2) அழிக்காதீர்கள். கேவலமாக இருக்கிறது என்று அழித்துவிட்டால் அத்தாட்சி போய்விடும். வந்த எழுத்து, அனுப்பிய பெயர், இலக்கம், திகதி, நேரம் எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். எடுக்கத் தெரியாவிட்டால் இன்னொரு போனால் அந்தத் திரையைப் படம் எடுங்கள். ஒரு கொப்பியிலும் எழுதி வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை: 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் ஆடையில்லாப் படமாக இருந்தால், அத்தாட்சிக்காகவென்றும் அதைப் பிரதி எடுக்கவோ, யாருக்கும் அனுப்பவோ வேண்டாம். தலைவருக்கும் வேண்டாம், ஆசிரியருக்கும் வேண்டாம். சிறுவரின் ஆபாசப் படத்தைப் பரப்புவது 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவின்படி குற்றம். எங்கே, எந்தக் கணக்கில், எப்போது வந்தது என்று மட்டும் எழுதி, முறைப்பாடு எடுக்கிற அதிகாரியிடம் போனைக் காட்டுங்கள்.

(3) அத்தாட்சி எடுத்த பிறகு அந்த ஆளை 'புளொக்' செய்யுங்கள். வட்ஸ்அப், பேஸ்புக், டிக்டொக் எல்லாவற்றிலும் 'ரிப்போர்ட்' என்ற வசதி உண்டு. அதை அழுத்தி முறையிடலாம். பொய்க் கணக்காக இருந்தால் சொந்தக்காரர் பலர் சேர்ந்து முறையிடுங்கள்.

(4) பிள்ளையின் அந்தரங்கப் படம் பரவுகிறது என்றால் 'டேக் இட் டவுன்' என்ற இலவச இணையச் சேவை ஒன்று 2023 முதல் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ் எடுத்த படங்களுக்கு உரியது. படம் போனை விட்டு வெளியே போகாது. கைரேகை மாதிரி, அந்தப் படத்துக்கு மட்டும் உரிய ஒரு இலக்கம் உருவாக்கப்பட்டு, அதுவே கம்பனிகளுக்குப் போகும். சேவையில் சேர்ந்திருக்கிற பேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டொக் போன்றவை அந்த இலக்கத்தை வைத்துப் படத்தைக் கண்டுபிடித்து எடுத்துவிடும். படித்த இளைஞர் ஒருவரின் உதவியோடு செய்யலாம்.

(5) பாடசாலைக்குப் போங்கள். வகுப்பாசிரியரையோ, ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரையோ, அதிபரையோ தனியாகச் சந்தியுங்கள். எல்லாருக்கும் முன்னால் பிள்ளையை நிற்க வைத்துக் கேட்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

(6) உரிய இடத்தில் முறையிடுங்கள். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை அமைக்கப்பட்டது. அதன் இலக்கம் 1929. காசு போகாது, தமிழிலும் பேசலாம், இரவிலும் எடுக்கலாம். பொலிஸ் சிறுவர், மகளிர் பணியகத்தின் இலக்கம் 109. அவசரமென்றால் 119. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருப்பார். சட்டத்தைப் பொறுத்தவரை, 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் அந்த ஆண்டு பெப்ரவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. பேச்சுச் சுதந்திரத்தைப் பாதிக்கும் என்று அதன்மேல் பலத்த விமர்சனமும் எழுந்தது. ஆனால் ஒருவரைத் துன்புறுத்த அவரது அந்தரங்க விஷயங்களை இணையத்தில் போடுவது குற்றம் என்று அது சொல்கிறது.

(7) பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். சாவைப் பற்றிப் பேசினால் அன்றிரவே ஒருவர் பக்கத்தில் படுங்கள். மருந்து, பூச்சிநாசினி எதுவும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்குப் பேசுங்கள். வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். மனநல வைத்தியரிடம் போவது பைத்தியத்துக்கு மருந்து எடுப்பது என்று யாரும் நினைக்க வேண்டாம். கையில் வெட்டுப்பட்டால் கட்டுப் போடுகிறோம், அது மாதிரிதான்.

8. செய்தது நம்ம புள்ளையானால்?

அடுத்த வீட்டுத் தாய் வந்து, "ஒங்க மகன் எம் மகளப் பத்தி இப்புடி எழுதியிருக்கான்" என்று சொன்னால், "எம் புள்ள அப்புடிப்பட்டவன் இல்ல" என்று கதவைச் சாத்தத்தான் மனம் வரும். சாத்தாமல் கேளுங்கள். அவள் பொலிஸுக்குப் போகாமல் நம்மிடம் வந்திருக்கிறாள்.

பிள்ளையை அடித்தால், பலமுள்ளவன் பலமில்லாதவனை அடிக்கலாம் என்ற அதே பாடத்தைத்தான் அவன் திரும்பவும் படிப்பான். உட்கார வைத்து, அந்த எழுத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். "இத ஒன் தங்கச்சிக்கு யாராச்சும் எழுதுனா?" என்று கேளுங்கள். போட்டதை அழிக்கச் செய்யுங்கள். யார் யாருக்கு அனுப்பினானோ அவர்களிடமும் அழிக்கச் சொல்ல வேண்டும். பிறகு பெற்றவர்களோடு போய் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கட்டும். கொஞ்ச நாளைக்கு போனைப் பெரியவர் முன்னால் மட்டும் பாவிக்கட்டும். நம் நாட்டில் 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையைக் குற்றவாளியாக்க முடியாது என்று 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு மேற்பட்ட பிள்ளைக்குச் சட்டம் விலக்கல்ல என்பதையும் மகனுக்குச் சொல்லி வையுங்கள்.

சில நேரம் கொடுமை செய்கிற பிள்ளையே வேறொரு இடத்தில் கொடுமைப்பட்ட பிள்ளையாகவும் இருக்கும். அதையும் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. எழுதாமல், ஆனால் பார்த்துச் சிரித்து அடுத்தவனுக்கு அனுப்புகிற கூட்டம். நெருப்பு வைத்தவன் ஒருவன், விசிறினவர் நூறு பேர். "எனக்கு வந்தா அது என் போன்லயே நிக்கணும்" என்று நம் பிள்ளைகளுக்குப் பழக்குவோம். முடிந்தால் பாதிக்கப்பட்ட பிள்ளைக்குத் தனியாக ஒரு வரி எழுதட்டும்: "நான் இத நம்பல. நாளைக்கு ஒன்னா ஸ்கூலுக்கு போவம்." அந்த ஒரு வரி பல பிள்ளைகளைக் காப்பாற்றும்.

9. வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய ஒழுங்குகள்

● இரவு ஒன்பது மணிக்குப் பிறகு வீட்டிலுள்ள எல்லா போன்களும் ஒரே இடத்தில். அப்பாவின் போனும் சேர்த்துத்தான். பெரியவர் செய்யாததைப் பிள்ளை செய்யாது.
● பேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டொக், வட்ஸ்அப் எல்லாம் 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு உரியவை அல்ல என்று அந்தக் கம்பனிகளே சொல்கின்றன. அவுஸ்திரேலியாவில் 2025 டிசெம்பர் 10 முதல் பல சமூக ஊடகங்களில் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் கணக்கு வைத்திருக்க விடக்கூடாது என்று சட்டமே வந்தது. பொய் வயது கொடுத்துக் கணக்குத் திறந்து கொடுக்காதீர்கள்.
● ஒரே போனைப் பல பிள்ளைகள் பாவிக்கும்போது, கணக்கை மூடாமல் கொடுத்தால் மற்றவர் உள்ளே போய்விடலாம். வட்ஸ்அப்பில் வேறு யாராவது இணைந்திருக்கிறார்களா என்று அடிக்கடி பாருங்கள். இரகசிய இலக்கத்தை உயிர்க் கூட்டாளிக்கும் கொடுக்கக் கூடாது.
● யார் குரூப்பில் சேர்க்கலாம், யார் படத்தைப் பார்க்கலாம் என்பதை 'தெரிந்தவர்கள் மட்டும்' என்று மாற்றி வையுங்கள்.
● போன் விஷயம் தெரியாது என்று வெட்கப்படாதீர்கள். "எனக்குக் காட்டிக் குடு, இது எப்புடி வேல செய்யுது?" என்று பிள்ளையிடமே கேளுங்கள். கற்றுக் கொடுக்கிற பிள்ளை பக்கத்தில் உட்காரும். பக்கத்தில் உட்காருகிற பிள்ளை பேசும்.
● நாமும் மற்றவர் வீட்டுப் பெண்ணைப் பற்றி வருகிற கதையைக் குரூப்பில் அனுப்பாமல் இருப்போம்.

10. தோட்டத்துக்கும் ஊருக்கும்

பிள்ளைகளுக்கிடையில் போனில் தொடங்குகிற சண்டை, மேட்டு லயத்துக்கும் பணிய லயத்துக்கும் சண்டையாக மாறிவிடும். பிறகு யார் பிள்ளைக்கு என்ன நடந்தது என்பதே மறந்து போகும். ஆகவே தலைவர்மாரும், கோயில் கமிட்டியும், மாதர் சங்கமும் சேர்ந்து ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளலாம். இப்படி ஒரு முறைப்பாடு வந்தால், இரண்டு வீட்டாரையும் அமைதியாக உட்கார வைத்துப் பேச ஒரு ஆணும் ஒரு பெண்ணும் பொறுப்பு எடுக்கட்டும். பிள்ளையின் பெயர் வெளியே போகக் கூடாது. ஆனால் மிரட்டல், அந்தரங்கப் படம், பெரிய ஆள் ஒருவரின் தொல்லை என்று வந்தால், அதைப் பஞ்சாயத்தில் பேசி மூடிவிடாமல் நேரே 1929க்கோ பொலிஸுக்கோ கொண்டுபோக வேண்டும்.

ஒவ்வோராண்டும் நவம்பர் மாதம் முதல் வியாழக்கிழமையை யுனெஸ்கோ நிறுவனம் பாடசாலைகளில் வன்முறைக்கும் கொடுமைக்கும் எதிரான நாளாக வைத்திருக்கிறது. 2020 முதல் இது நடக்கிறது. அன்றைக்கு உங்கள் பாடசாலையில் பெற்றோர் கூட்டம் ஒன்று வைக்கும்படி அதிபரிடம் கேட்டுப் பாருங்கள்.

11. கலந்து பேசுவோம்

1. நம் பிள்ளை எந்த எந்த குரூப்பில் இருக்கிறது என்று நமக்குத் தெரியுமா?
2. பிள்ளைக்கு ஒரு தொல்லை வந்தால் முதலில் யாரிடம் சொல்லும்? அது ஏன் நம்மிடம் இல்லை?
3. விளையாட்டுக்கும் கொடுமைக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள்.
4. சேலத்தில் நடந்த மாதிரி ஒரு படம் நம் வீட்டுக்கு வந்தால், முதல் அரை மணித்தியாலத்தில் நாம் என்ன செய்வோம்?
5. 1929, 109, 1926, 119 ஆகிய இலக்கங்களை வீட்டில் எங்கே எழுதி ஒட்டலாம்?

இந்த ஐந்தாவது கேள்விக்கு மட்டும் இன்றைக்கே பதில் வேண்டும். ஒரு கடதாசித் துண்டை எடுங்கள். நான்கு இலக்கங்களையும் பெரிதாக எழுதி, கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஏன் ஒட்டுகிறோம் என்று பிள்ளைக்கும் சொல்லுங்கள். அந்தப் பேச்சே நல்ல தொடக்கமாக இருக்கும்.